மீன்காட்டிக் கருவியைப் படகில் பொருத்தும் முறை

கடலின் மேற்பரப்பை மட்டுமே நாம் கண்ணால் காண முடியும். அதன் அடியில் மீன் எங்கே திரள்கிறது, தரை மணலா, சேறா, அன்றி வலையைக் கிழிக்கும் பாரா என்பனவற்றை நம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக நீரின் நிறத்தையும், நீரோட்டத்தின் போக்கையும், பறவைகளின் நடமாட்டத்தையும், ஈயக்குண்டு கட்டிய கயிற்றையும் துணையாகக் கொண்டு அறிந்து வந்துள்ளனர். அவ்வறிவுக்கு உறுதுணையாக ஒரு சாதனம் இன்று சிறு ஃபைபர் படகுகளிலும் இடம்பெற்று வருகிறது. மீன்காட்டி என்றும் எக்கோ சவுண்டர் என்றும் வழங்கப்படும் கருவியே அது.

ஆயினும் கருவியை வாங்கிய சிலர், "படகு நின்றால் காட்டுகிறது, ஓடினால் காட்டுவதில்லை" என்றும், "மீன் இல்லாத இடத்தில் மீன் காட்டுகிறது" என்றும் குறைபட்டுக்கொள்வதுண்டு. இத்தகைய குறைகள் பல கருவியின் பழுதால் விளைவன அல்ல. கருவியின் வாயும் செவியுமாக அமைந்துள்ள டிரான்ஸ்டியூசர் என்னும் உறுப்பைப் படகில் தகாத இடத்தில் பொருத்துவதாலேயே அவை நேர்கின்றன. திரையில் தவறான தரை தோன்றுமாயின், பாரின் மேல் வலை விழும். வலை கிழிந்தால் படகிலுள்ள அத்தனை பேருடைய வீடுகளிலும் அதன் நஷ்டம் தெரியும். ஆதலின், இவ்வுறுப்பைப் பொருத்தும் முறையை மீனவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

கருவி இயங்கும் விதம்

சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றுகிறது என்பதைப் பிரான்சு நாட்டைச் சேர்ந்த கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தனர். மின்சாரத்தைச் செலுத்தினால் அப்படிகங்கள் அதிர்வதும் உண்டு. டிரான்ஸ்டியூசரினுள் இருக்கும் பீங்கான் வில்லை இத்தன்மை உடையது. மின்துடிப்பு வந்ததும் அது அதிர்ந்து, நம் செவிக்குக் கேளாத ஒலியைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. தரையிலும் மீனிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியை ஏற்று, அதனை மீண்டும் மின்சாரமாக்கித் திரைக்கு அளிக்கிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். 30 மீட்டர் ஆழத்திற்குப் போய்த் திரும்ப அதற்கு ஒரு வினாடியின் 25இல் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்நேரத்தை அளந்தே கருவி ஆழத்தைக் கூறுகிறது.

ஜப்பானில் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் மீன் தேடுவதற்கென இம்முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தனர். இன்று சிறு படகுகளுக்கான கருவிகள் பெரும்பாலும் 50, 200 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னது ஆழ்கடலுக்கும், பின்னது கரையையொட்டிய கடலில் நுண்ணிய விவரங்களைக் காண்பதற்கும் ஏற்றது. ஒலி கூம்பு வடிவில் விரிந்து இறங்கும். கூம்பின் கோணம் 20 பாகையாயின், 30 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தையே கருவி காணும். டிரான்ஸ்டியூசர் 10 பாகை சாய்ந்துவிட்டாலோ, அவ்வட்டத்தின் மையம் 5 மீட்டர் விலகிப்போகும்.

காற்றே முதற் பகை

நீரில் செல்லும் ஒலி காற்றை எதிர்ப்பட்டால் அநேகமாக முழுவதும் திரும்பிவிடுகிறது. மீனின் உடலிலுள்ள காற்றுப்பையே எதிரொலியில் பெரும்பகுதியைத் தருகிறது. காற்றுப்பை இல்லாத கணவாய் திரையில் மங்கலாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். மீனைக் காட்டிக்கொடுக்கும் அதே காற்று, டிரான்ஸ்டியூசரின் முகத்தருகே குமிழியாகச் சூழ்ந்துகொண்டால், கீழே செல்ல வேண்டிய ஒலியை மறித்துவிடும். அப்போது தரைக்கோடு அறுபடும். அக்குமிழிகள் திரையின் மேற்பகுதியில் மீன்கூட்டம் போலத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. எனவே, எவ்விடத்தில் பொருத்தினாலும், படகு ஓடும்போது குமிழியற்ற தெளிந்த நீர் டிரான்ஸ்டியூசரின் முகத்தைத் தழுவிச் செல்ல வேண்டும் என்பதே முதல் விதி.

பின்பலகையில் பொருத்துதல்

வெளிப்பொருத்து இயந்திரம் உள்ள படகுகளில் டிரான்ஸ்டியூசரைப் பின்பலகையின் வெளிப்புறத்தில் பொருத்துவது எளிது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, இயந்திரத்தின் விசிறியிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விலகியிருத்தல் நலம். இயந்திரத்தை இருபுறமும் திருப்பும்போது விசிறி டிரான்ஸ்டியூசரைத் தொடவும் கூடாது. படகின் பின்னிருந்து நோக்குகையில் விசிறி வலஞ்சுழியாகச் சுற்றுமாயின், வலப்பக்கத்தில் அதன் இலைகள் மேலிருந்து கீழாக இறங்கும். அப்பக்கத்தில் குமிழிகளின் தொல்லை குறைவாதலின், வலப்பக்கமே பொருத்தமானது.

இரண்டாவது, அவ்விடத்திற்கு நேர் முன்னே படகின் அடிப்புறத்தில் வரிச்சட்டம், ஆணித்தலை, ஒட்டுப்போட்ட மேடு, நீர் வெளியேறும் துளை முதலியன இருத்தலாகாது. நீரைக் கலக்கும் ஒவ்வொரு மேடும் தன் பின்னே ஒரு குமிழி வரிசையை விட்டுச் செல்லும். படகு ஓடும்போது பின்புறம் குனிந்து நோக்கினால், நுரை எங்கே மிகுதி, தெளிந்த நீர் எங்கே என்பது புலப்படும்.

மூன்றாவது, ஃபைபர் படகாயின் டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடிமட்டத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே இருக்குமாறு அமைத்தல் வேண்டும். மேலே ஏறிவிட்டால் நுரையில் அகப்படும். மிகவும் தாழ்ந்தால் நீரைப் பீச்சியடிக்கும். மிதக்கும் கட்டையும் கயிறும் மோதி உடைக்கும்.

நான்காவது, அதன் முகம் நேர் கீழ்நோக்கி அமைதல் வேண்டும். படகு கரையில் இருக்கும் நிலையைக் கண்டு மட்டம் பார்த்தல் தவறு. இயந்திரம், எரிபொருள், வலை, ஆட்கள் ஆகிய சுமைகளோடு படகு நீரில் மிதக்கும் நிலையே கணக்கு. ஆகவே, முதலில் தற்காலிகமாகப் பொருத்தி, கடலில் ஓட்டிப் பார்த்து, பின்னரே இறுக்குதல் வேண்டும். ஆணித்துளைகளை நீர் புகாவண்ணம் கடலுக்குரிய பசையால் அடைத்தல் இன்றியமையாதது.

மணலில் ஏறும் படகுகள்

நம் கடற்கரையில் துறைமுகமில்லாத ஊர்கள் பல. அங்கே படகுகள் அலையைக் கடந்து மணலில் ஏறுகின்றன. பின்பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்டியூசர் மணலில் உராய்ந்தோ, படகை இழுக்கையில் முட்டியோ உடைவது எளிது. அதற்கு இரு வழிகள் உண்டு.

ஒன்று, படகின் பக்கவிளிம்பில் கீல் வைத்த ஒரு குழாயின் நுனியில் அதனைப் பொருத்துதல். மீன்பிடிக்கும் இடம் சேர்ந்ததும் குழாயை நீரில் இறக்கலாம். கரையை நெருங்கும்போது உயர்த்திவிடலாம். வேகமாக ஓடுகையில் இது பயன்படாது. ஆயினும், மெதுவாகச் சென்று மீன் தேடுவோர்க்கு இது போதுமானது.

மற்றொன்று, படகின் உட்புறத்து அடித்தளத்தில் டிரான்ஸ்டியூசரை எபாக்சிப் பசையால் ஒட்டுதல். ஒலி ஃபைபர் தகட்டை ஊடுருவிச் செல்லும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஏதுமில்லையாதலின், மணலால் கேடில்லை. ஆனால், தகடு இடையே ஒன்றும் இல்லாத கெட்டியான ஃபைபராக இருத்தல் வேண்டும். மிதப்புக்காக நுரை அடைத்த இடத்திலும், மரம் வைத்து மூடிய இடத்திலும் ஒலி செல்லாது. மரப்படகுக்கும் இம்முறை ஆகாது. ஒலியின் வலிமை ஓரளவு குறைவதால் மிகுந்த ஆழத்தில் பயன் குன்றும். நீரின் வெப்பநிலையும் சரியாகத் தெரியாது. பக்கவாட்டில் படம் காட்டும் வகைகளையும் இவ்வாறு ஒட்டுதல் இயலாது.

ஒட்டுவதற்கு முன் சோதித்தல் அறிவுடைமை. படகை நிறுத்தி, டிரான்ஸ்டியூசரை முதலில் பக்கவாட்டில் நீரில் தொங்கவிட்டுத் திரையைக் காண்க. பின்னர் ஒட்டக் கருதிய இடத்தில் சிறிது நீரைத் தேக்கி, அந்நீரில் அதனை அமிழ்த்தி அழுத்திப் பிடித்து மீண்டும் காண்க. இரண்டிலும் ஆழமும் தரைக்கோடும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அவ்விடம் தக்கது. இல்லையேல் வேறிடம் தேடுக. அதன்பின் அவ்விடத்தை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பசை நீக்கி, எபாக்சியை ஊற்றி, டிரான்ஸ்டியூசரை மெல்லத் திருகி அழுத்துதல் வேண்டும். அடியில் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் உழைப்பு வீணாகும்.

பெரிய விசைப்படகுகளில் அணியத்திலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையே, ஏரா எனப்படும் அடிமரத்தின் நிழல் ஒலியை மறைக்காதவாறு, அடித்தளத்தைத் துளைத்துப் பொருத்துவர். இது தேர்ந்த தொழிலாளி செய்ய வேண்டிய வேலை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு ஏற்ற சமயமாகும்.

மின்கம்பியும் சோதனையும்

டிரான்ஸ்டியூசரின் கம்பியை வெட்டிச் சுருக்குதல் கூடாது. மிகுதியை வளையமாகச் சுற்றிக் கட்டிவிடுக. இயந்திரத்தின் கம்பிகளோடும், கம்பியில்லாக் கருவியின் கம்பியோடும் சேர்த்துக் கட்டுதலும் ஆகாது. கருவிக்கு மின்கலத்திலிருந்து ஃபியூஸுடன் தனிக்கம்பி கொணர்தல் நன்று.

எல்லாம் முடிந்தபின், ஆழம் அறிந்த ஓரிடத்தில் ஈயக்குண்டை இறக்கிப் பாகக் கணக்கையும் திரையின் கணக்கையும் ஒப்பிடுக. பின்னர் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுக. இயந்திரத்தை முடுக்கியதும், படகு நகரும் முன்பே திரையில் புள்ளிகள் சிதறினால் குறை மின்கம்பியில் உள்ளது. வேகம் கூடக் கூடத் தரைக்கோடு அறுபட்டால் குறை குமிழியில் உள்ளது. டிரான்ஸ்டியூசரைச் சிறிது தாழ்த்தியோ, சாய்வைத் திருத்தியோ, மீண்டும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. அப்போதுதான் எது பயன் தந்தது என்பது விளங்கும்.

நீரிலேயே இருக்கும் டிரான்ஸ்டியூசரின் முகத்தில் பாசியும் கொட்டலசும் படிந்தால் எதிரொலி மங்கும். மென்மையான துணியால் அடிக்கடி துடைத்தல் போதுமானது. கத்தியால் சுரண்டுதல் தீது.

ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் உதவியால் மீன்வளம் மிகுந்திருக்கக்கூடிய கடற்பகுதிகளை அறிவித்து வருகிறது. அப்பகுதிக்குச் சென்றபின், படகின் அடியில் உள்ளதைக் காட்டுவது இக்கருவியே. ஊருக்கு இரண்டொரு இளைஞர்கள் இப்பொருத்தும் தொழிலைச் செவ்வையாகக் கற்று, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாகப் பிறர் படகுகளையும் சீர்செய்து கொடுப்பாராயின், எரிபொருளும் வலையும் வீணாவது குறையும். பல நாள் சேமித்தும் கடன்பட்டும் வாங்கிய கருவி, அரைநாள் பொறுமையின்மையால் குருடாகிவிடலாகாது.