ஜெர்மனியில படிப்பு ஃப்ரீன்னா, அந்த 12 லட்சம் எதுக்கு?

போன வாரம் ஒரு லிசனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "ஜெர்மனியில ஃபீஸே கிடையாதுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் எங்கப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கிட்டு பேங்குக்குப் போறார்?" நியாயமான கேள்வி. இன்னைக்கு எபிசோட் முழுக்க அதுக்குத்தான் பதில்.

ஃபீஸ் இல்லைங்கிறது பொய் இல்லை. அங்க பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் நம்மகிட்டயும் டியூஷன் ஃபீஸ் வாங்குறதில்லை. செமஸ்டருக்கு ஒரு தடவை சில நூறு யூரோ கட்டணும், அவ்ளோதான். நிறைய ஊர்ல பஸ், ட்ரெயின் பாஸும் அதுலயே அடக்கம். ஆனா எல்லா இடத்துலயும் இப்படி இல்லை. ஸ்டுட்கார்ட், ஹைடல்பெர்க் எல்லாம் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல 2017லருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ. ம்யூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியும் 2024லருந்து மாஸ்டர்ஸுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கேக்குது.

சரி, 12 லட்சத்துக்கு வருவோம். விசா வேணும்னா ஒரு வருஷச் சாப்பாடு, வாடகைக்குக் காசு இருக்குன்னு காட்டணும். அதுக்குத்தான் பிளாக்ட் அக்கவுண்ட். 2024 செப்டம்பர்லருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய்னு வெச்சாலே கிட்டத்தட்ட 12 லட்சம். இது ஃபீஸ் இல்லை, உங்க காசுதான். ஆனா மாசம் 992 யூரோதான் வெளிய வரும். லோன் எடுத்துப் போட்டிருந்தா, வட்டி இங்க ஓடிட்டிருக்கும், காசு அங்க தூங்கிட்டிருக்கும்.

நிறைய பேர் மாட்டிக்கிறது முதல் மாசத்துலதான். வீட்டு ஓனர் அட்வான்ஸ் கேப்பார். சட்டப்படி மூணு மாச வாடகை வரைக்கும் கேக்கலாம் (ஹீட்டிங் மாதிரி கூடுதல் செலவு இதுல சேராது). அந்தப் பணம் 992-ல எப்படி வரும்? அந்த 992 வர்றதுக்கே அங்க ஒரு பேங்க் அக்கவுண்ட் வேணும். பல பேங்க் அதுக்கு முகவரிப் பதிவுச் சான்று கேக்குது. பதிவு பண்ண, ஓனர் கையெழுத்துப் போட்ட ஒரு பேப்பர் வேணும். ஓனருக்கோ முதல்ல அட்வான்ஸ் வேணும்! சுத்திச் சுத்தி அதே இடம். அதனால 11,904 போக, கையில தனியா ஒரு தொகை இல்லாம ஃப்ளைட் ஏறாதீங்க. அட்மிஷன் லெட்டர் வந்த அன்னைக்கே அந்த ஊர் ஸ்டுடியரெண்டன்வெர்க் ஹாஸ்டலுக்கு அப்ளை பண்ணிடுங்க. வெயிட்டிங் லிஸ்ட் பல இடத்துல மாசக்கணக்குல இருக்கும்.

"பார்ட் டைம் வேலை பாத்து ரெண்டாவது வருஷத்தைச் சமாளிச்சிடலாம்"னு ஒரு கணக்கு எல்லார்கிட்டயும் இருக்கு. 2024 மார்ச்லருந்து வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லைன்னா 280 அரை நாள் வேலை பாக்கலாம். அனுமதி இருக்கு, ஆனா வேலை கிடைக்கணுமே! ஜெர்மன் தெரியாம சின்ன ஊர்ல காஃபி ஷாப் வேலைகூடக் கஷ்டம். பர்மிட்டைப் புதுப்பிக்கும்போது செலவுக்கு என்ன வழின்னு திரும்பவும் காட்டணும். வீட்ல உக்காந்து பேசும்போது ரெண்டு வருஷத்துக்கும் சேத்துப் பேசுங்க.

இன்னொண்ணு. "ஜெர்மனியில சீட் கன்ஃபர்ம்"னு ஒரு ஏஜென்ட் சொன்னா, அது அரசுப் பல்கலைக்கழகமா தனியாரானு முதல்ல கேளுங்க. தனியார்னா லட்சக்கணக்குல ஃபீஸ் உண்டு. அப்போ 'ஃப்ரீ' என்கிற பேச்சுக்கே இடமில்லை. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே நேரா அப்ளை பண்ணலாம். இந்தியாவுல படிச்சவங்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பர்லருந்து கட்டாயம். அது வர டைம் எடுக்கும், அதை முதல்ல போட்டுடுங்க.

வாய்ஸ் நோட் அனுப்பினவங்களுக்கு: அப்பா பத்திரத்தைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, உங்க சீட் எந்த மாநிலத்துல, எந்தப் பல்கலைக்கழகத்துலன்னு எங்களுக்கு எழுதுங்க. செமஸ்டர் ஃபீஸ் உண்டா இல்லையான்னு சேந்தே பாத்துடலாம்.