ஏர் மார்ஷல் டாக்டர் அம்மாள்

விமானப் படையில் 'ஏர் மார்ஷல்' என்பது லேசில் கிட்டுகிற பதவி அல்ல. ஸ்க்வாட்ரன் லீடர், விங் கமாண்டர், குரூப் காப்டன், ஏர் கமடோர், ஏர் வைஸ் மார்ஷல் என்று படிப்படியாக ஏறி வர வேண்டும். ஏறத் தொடங்குகிறவர்கள் பலர். உச்சிக்குப் போய்ச் சேருகிறவர்களை விரல் விட்டு எண்ணி விடலாம். படைத் தலைவரின் பதவிக்கு அடுத்தபடியான அந்த ஸ்தானத்தை, 2004-ம் வருஷத்தில், நமது விமானப் படையிலேயே முதன் முதலாக ஒரு பெண்மணி அடைந்தார்.

அவர் டாக்டர் பத்மா பந்தோபாத்யாய். பெயரைப் பார்த்து, "யாரோ வங்காளத்துப் பெண்மணி" என்று நினைத்து விடாதீர்கள்! அது புகுந்த வீடு கொடுத்த பெயர். பிறந்த வீட்டில் அவர் பத்மாவதி. 1944-ல் திருப்பதியில், தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது டில்லியில்.

படுக்கையில் தாயார்

பத்மாவதிக்கு நாலைந்து வயசு இருக்கும்போதே தாயார் நோயாளியாகப் படுத்து விட்டார். க்ஷயரோகம். மற்றக் குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடும் வயசில், இந்தக் குழந்தை அம்மாவுக்குப் பணிவிடை செய்தது. வைத்தியம் என்றால் என்ன என்பதை அவர் முதலில் கற்றது புத்தகத்தில் அல்ல, அந்தக் கட்டிலின் பக்கத்தில்.

அண்டை வீட்டில் இன்னொரு பத்மாவதி இருந்தார். பிற்காலத்தில் இருதய நோய் நிபுணராகப் பெரும் புகழ் பெற்ற டாக்டர் பத்மாவதிதான் அவர். லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியையாக இருந்தவர். அவரைப் பார்க்கப் பார்க்கச் சிறுமிக்கும் ஆசை பிறந்தது. ஆனால் பள்ளிக் கூடத்தில் அவர் படித்ததோ சரித்திரமும் இலக்கியமுமான பாடங்கள்! அதிலிருந்து விஞ்ஞானத்துக்குத் தாவுவது அந்நாளில் அபூர்வம். பிடிவாதமாகத் தாவி, டில்லி கிரோரி மால் கல்லூரியில் வைத்தியப் படிப்புக்கு வேண்டிய பாடங்களைப் படித்தார். 1963-ல் பூனாவில் உள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே எம்.பி.பி.எஸ். வகுப்பு ஆரம்பித்தே ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு பெண் படையில் சேர வேண்டுமானால், டாக்டராகவோ நர்ஸாகவோதான் சேரலாம். வேறு கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. திறந்திருந்த கதவு வழியாக 1968-ல் பத்மாவதி விமானப் படைக்குள் நுழைந்தார். பெங்களூர் விமானப் படை ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றபோது சந்தித்த சதிநாத் பந்தோபாத்யாய் என்ற அதிகாரியையே பின்னர் மணந்து கொண்டார்.

1971-ல் பாகிஸ்தானுடன் யுத்தம் மூண்டது. தம்பதி இருவரும் யுத்த சேவையில் இருந்தார்கள். டாக்டரம்மாள் பணியாற்றியது பஞ்சாபில் உள்ள ஹல்வாரா விமானத் தளத்தில். யுத்தம் முடிந்த பின், கணவனும் மனைவியும் ஒரே விழாவில் 'விசிஷ்ட சேவா' பதக்கம் பெற்றார்கள். விமானப் படையில் அப்படி விருது பெற்ற முதல் தம்பதி அவர்கள்தான்.

செம்பும் தண்ணீரும்

"விமானப் படையில் டாக்டருக்கு என்ன தனி வேலை? ஜுரத்துக்கு மருந்து கொடுப்பதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படி அல்ல.

ஒரு செம்பில் தண்ணீர் நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். தண்ணீர் கொட்டாது, செம்பின் அடியிலேயே அழுந்தி நிற்கும். சண்டை விமானம் சடாரென்று வளைந்து திரும்பும்போது, விமானியின் உடம்புதான் அந்தச் செம்பு. ரத்தந்தான் தண்ணீர். மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் காலை நோக்கி இறங்குகிறது. முதலில் கண் மங்கும், பிறகு இருட்டும், அதற்கும் மேலே போனால் நினைவே தப்பி விடும். இதற்காகவே வயிற்றையும் காலையும் இறுக்கிப் பிடித்து, ரத்தம் கீழே இறங்காமல் தடுக்கும் விசேஷ உடுப்பு அணிகிறார்கள்.

உயரம் இன்னொரு ஆபத்து. 18,000 அடியில் காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் பாதிதான். பிராண வாயு குறையும்போது மனிதனுக்கு மூச்சுத் திணறும் என்றுதானே நினைக்கிறோம்? பல சமயம் அதற்கு முன்பே நிதானம் தவறி விடும். உற்சாகமாகக் கூட இருக்குமாம்! தப்பு செய்கிறோம் என்பதே விமானிக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் ஆராய்வதுதான் விமான வைத்தியம். டாக்டர் பத்மா தேர்ச்சி பெற்றது இந்தத் துறையில்தான். வட துருவப் பிரதேசத்துக்கே போய், கடுங் குளிரை மனித உடம்பு எப்படித் தாங்குகிறது என்று ஆராய்ந்தார். அங்கே விஞ்ஞான ஆராய்ச்சி செய்த முதல் இந்தியப் பெண்மணி அவரே.

1978-ல் நமது நீலகிரியில், வெலிங்டன் ராணுவப் பணியாளர் கல்லூரியில், உயர் அதிகாரிகளுக்கான பயிற்சியை முடித்தார். அதிலும் அவரே முதல் பெண்மணி. பிறகு டில்லியில் விமானப் படையின் மத்திய மருத்துவ நிலையத்துக்குத் தலைமை ஏற்றார். விமானிகளைப் பரிசோதித்து, "பறக்கலாம்", "பறக்கக் கூடாது" என்று தீர்ப்புச் சொல்லும் இடம் அது. எவ்வளவு பெரிய சூரரானாலும் டாக்டர் தலையை அசைத்தால்தான் ஆகாயம்!

2002-ல் ஏர் வைஸ் மார்ஷல். 2004-ல் ஏர் மார்ஷல். விமானப் படையின் மருத்துவ சேவை முழுவதற்கும் தலைமை வகித்து, 2005-ல் ஓய்வு பெற்றார்.

2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சிறு வயசில் அவருக்கு வழிகாட்டிய அண்டை வீட்டு டாக்டர் பத்மாவதி, அதே வருஷத்தில், 103-வது வயசில் காலமானார்.

சாத்தியிருந்த மற்றக் கதவுகளும் 1990-களில் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2016-ல் மூன்று பெண்கள் சண்டை விமானிகளாகவே தேறினார்கள். உங்கள் வீட்டில் மாடிக்கு ஓடி ஆகாய விமானத்தைப் பார்த்துக் கை தட்டும் பெண் குழந்தை இருக்கிறதா? அதனிடம் இந்த டாக்டர் அம்மாளின் கதையைச் சொல்லுங்கள். செம்பையும் கயிற்றையும் மட்டும் கொஞ்சம் எட்டவே வையுங்கள்!