காரணிகளுக்காக 27 ஆண்டுகள் காத்திருந்த எண்

14,75,73,95,25,89,67,64,12,927. ஏறத்தாழ பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி! சதுரங்கக் கட்டங்களில் 1, 2, 4 என்று நெல்மணிகளை இரட்டித்து வைக்கும் கதை நாம் அறிந்ததுதான். 64-ஆம் கட்டத்தோடு நிறுத்தாமல் 67 வரை போனால் சேரும் மொத்த மணிகள் இவ்வளவு. அதாவது, 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு.

1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென், இந்த வகை எண்களில் எவை பகா எண்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் இதுவும் இருந்தது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் யாராலும் சரிபார்க்க முடியவில்லை.

1876-இல் எதுவார் லூக்கா, இது பகா எண் அல்ல என்று காட்டினார். வியப்பு என்னவென்றால், அவர் ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய சோதனையைப் பின்னாளில் லெமர் எளிதாக்கினார். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதையே செய்ய வேண்டும். சிறிய எண்ணான 31-க்குச் செய்து பாருங்கள்: 4, 14, 8, 0. பூஜ்ஜியத்தில் முடிவதால் 31 பகா எண். நம் பெரிய எண்ணுக்கு இதை 65 முறை செய்தால் பூஜ்ஜியம் வராது. காரணியைக் காணாமலே பகு எண் என்று அறுதியிட்ட இந்தச் சோதனை கணிதத்தின் பேரழகுகளில் ஒன்று.

அப்படியானால் காரணிகள் எங்கே?

1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் விடை தந்தார். வாய் திறவாமல் கரும்பலகையில் 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும், அரங்கமே கைதட்டியது என்றும் சொல்வார்கள். நம் பெரிய எண்ணின் காரணி எதுவானாலும் 134-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். அந்த விதி தேடலைப் பெரிதும் சுருக்கும். ஆனாலும் சிறிய காரணியே அந்த வரிசையில் 14,45,580-ஆவது இடத்தில் இருக்கிறது. கையால் கணக்கிட்ட காலத்தில் அதை எட்டியது அசாத்திய உழைப்பு.

பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் ஆர்எஸ்ஏ என்ற மறைகுறியாக்க முறையை உருவாக்கினார்கள். ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகவும் ஐயமின்றியும் அறியும் பொதுவான வழியை 2002-இல் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா தந்துவிட்டார்கள். ஆனால் பகு எண்ணை அதேபோல் விரைவாகக் காரணிகளாகப் பிரிக்க, சாதாரணக் கணினிகளுக்கான வழி எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.