மீன் தொட்டியில் செடியும் வளர்க்கிறீர்களா? கண்டிஷனர் இன்று, உரம் நாளை!

பிளாஸ்டிக் செடிகளை எடுத்துவிட்டு, மீன் தொட்டியில் நிஜச் செடிகளை வளர்க்கப் பலரும் ஆசைப்படுகிறார்கள். சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளுக்குப் போனால் மீன், செடி இரண்டோடு இரண்டு பாட்டில்களும் வீட்டுக்கு வருகின்றன. ஒன்று, 'ஆன்டி குளோரின்' எனப்படும் வாட்டர் கண்டிஷனர். மற்றொன்று, செடிக்கான திரவ உரம். இரண்டையும் ஒன்றாக ஊற்றலாமா?

கண்டிஷனர் எதற்கு?

குழாய்த் தண்ணீரில் கிருமிகளைக் கொல்ல குளோரின் கலக்கிறார்கள். நம்மைக் காக்கும் அதே குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கிவிடும். பெரும்பாலான கண்டிஷனர்களில் உள்ள சோடியம் தயோசல்பேட், சில நிமிடங்களில் குளோரினைச் செயலிழக்க வைக்கிறது.

இதனால் உரத்துக்குப் பாதிப்பில்லை. ஆனால், சில கண்டிஷனர்களில் செம்பு, ஈயம் போன்ற உலோகங்களைக் கட்டிப்போடும் பொருளும் உண்டு. உரத்தில் இருக்கும் இரும்பும் மாங்கனீசும் உலோகங்கள்தானே! இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் மீனுக்கு ஆபத்தில்லை. ஆனால், செடிக்குப் போக வேண்டிய சத்து குறையலாம்.

எப்படிச் செய்வது?

* வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.
* புதுத் தண்ணீரை வாளியில் பிடித்து, அதிலேயே கண்டிஷனரைக் கலந்து, சில நிமிடங்கள் கழித்துத் தொட்டியில் ஊற்றுங்கள்.
* உரத்தை மறுநாள் விடுங்கள். முதலில் பாட்டிலில் சொன்ன அளவில் பாதி போதும்.
* இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து போதவில்லை என்று அர்த்தம். கண்ணாடியில் பாசி படர்ந்தால் உரமோ வெளிச்சமோ அதிகம்.
* இறால், நத்தை வளர்ப்பவர்கள் உரத்தில் எவ்வளவு செம்பு இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். அவற்றுக்குச் செம்பு ஆகாது.

குளோரின் கலக்காத போர்வெல் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் தேவையே இல்லை. லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கலாம் என்பதால் கண்டிஷனர் சேர்ப்பது நல்லது.

இதை மட்டும் செய்யாதீர்கள்!

மாடித்தோட்டத்துக்கு வாங்கிய யூரியா, டி.ஏ.பி-யில் ஒரு சிட்டிகை போட்டால் என்ன என்று தோன்றலாம். அவற்றிலிருந்து தண்ணீரில் அம்மோனியா உருவாகும். செடி அதை உறிஞ்சுவதற்குள் மீன்கள் செத்து மிதக்கும். தொட்டிச் செடிக்கென்று விற்கும் உரம் மட்டுமே பாதுகாப்பு.