மடைப்பள்ளி வாசலில் ருசி பார்க்கும் ஜிசோ

ஒசாகாவின் நம்பா நிலையத்தில் நாங்காய் ரயில் ஏறியதும் தூங்கிவிடுங்கள், பரவாயில்லை. ஆனால் ஹஷிமோட்டோ தாண்டிக் கண்ணை மூடினால் நஷ்டம் உங்களுக்குத்தான்! கிலோமீட்டருக்கு 50 மீட்டர் வரை ஏற்றம். குகைக்குள் புகுவதும் வெளியே வருவதுமாக வண்டி ஊர்கிறது, வளைவுக்கு வளைவு சக்கரம் கீச்சிடுகிறது, கீழே பள்ளத்தாக்கு வாயைப் பிளந்து கிடக்கிறது. ஒரு ரகசியம்: மலையேறும் இந்தப் பெட்டிகள் 17 மீட்டர்தான். வழக்கமான 20 மீட்டர் பெட்டிக்கு இந்த வளைவுகள் ஒத்துவராது.

கோக்குராகுபாஷியில் தண்டவாளம் தீர்ந்துபோகிறது. அங்கிருந்து 1930 முதல் ஓடும் கேபிள் கார், ஐந்தே நிமிடத்தில் 328 மீட்டர் தூக்கிக்கொண்டுபோய்க் கோயாசானில் இறக்கிவிடுகிறது.

கூக்காய் என்ற துறவிக்கு 816இல் ஜப்பானியப் பேரரசர் தந்த மலை இது. இன்று 117 கோயில்கள். அவற்றில் ஐம்பது போலத் தங்க இடம் தருகின்றன. மீன் சேராத சாப்பாட்டுக்கு ஜப்பான் முழுக்க அல்லாடும் நம் சைவக்காரர்கள் இங்கே நிம்மதியாகப் பந்தியில் உட்காரலாம். ரசத்துக்குக்கூடக் கடற்பாசியும் காளானும்தான். வெங்காயம், பூண்டு கிடையாது. எள்ளை அரைத்து, கிழங்கு மாவோடு கிளறி எடுக்கும் கோமாதோஃபு நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நாம் குளித்துவிட்டு வருவதற்குள் யாரோ ஓசைப்படாமல் மெத்தை விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காலை ஆறு மணிவாக்கில் வழிபாடு. சில மடங்களில் ஹோமமும் உண்டு.

இதெல்லாம் முன்கதை. உண்மையான கூத்து ஒகுனோயின் கல்லறைக் காட்டுக்குள் நடக்கிறது. 835இல் கூக்காய் அங்கே ஜீவசமாதி ஆனார். இன்னும் தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. இருப்பவருக்குப் பசிக்காதா? தினமும் காலை 6 மணிக்கும் 10.30க்கும் மரப்பெட்டியில் சுடச்சுடத் திருவமுது போகிறது. மடைப்பள்ளியை விட்டு வந்ததும் முதல் நிறுத்தம் அஜிமி ஜிசோ சந்நிதி. ருசி பார்ப்பதற்கென்றே ஒரு சாமி! அவர் பார்த்து அனுப்பிய பிறகுதான் பெட்டி சமாதிக்குப் போகும் பாலத்தைத் தாண்டும். பட்டியலில் சில நாள் பாஸ்தாகூட உண்டாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமாதியின் முன் நம்மவர் ஒருவரையும் நினைத்துக்கொள்ளலாம். கூக்காயின் குரு சீனத்து ஹுய்குவோ, பரமகுரு அமோகவஜ்ரர், பரமேஷ்டி குரு வஜ்ரபோதி, தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே சீனம் போனவர்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாலை ஐந்துக்குள் மடத்துக்குப் போய்ச் சேருங்கள், இரவுச் சாப்பாடு சீக்கிரமே வந்துவிடும். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். பத்தரை மணிக்குப் பாலத்தருகே நில்லுங்கள். பாலம் தாண்டினால் கேமராவைப் பைக்குள் போட்டுவிடுங்கள், அங்கே படம் எடுக்க அனுமதியில்லை.