ஐஸில் நிற்கும் காலணி

ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றில், பாசி பிடித்த பாறையில் கால் வைத்தவர்களுக்கு வழுக்கலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சோழபுரம் பக்கமிருந்து படிப்புக்கோ வேலைக்கோ டொராண்டோ கிளம்பும் பிள்ளைகள் ஸ்வெட்டரையும் ஜாக்கெட்டையும் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, லாரி டயர் போல ஆழமாகப் பள்ளம் வெட்டிய பூட்ஸைக் கண்டதும் 'இது போதும்' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பள்ளங்கள் சேற்றுக்கும் தளர்ந்து கிடக்கும் பனிக்கும் சரி. கண்ணாடி போல உறைந்த நடைபாதையில் அவற்றுக்குப் பிடிக்க எதுவுமில்லை.

ஐஸ் ஏன் வழுக்குகிறது? நம் எடை அழுத்தி அதை உருக்குகிறது என்று வெகுகாலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. கணக்கு இடிக்கிறது. உருகுநிலையை 1 டிகிரி இறக்கவே ஏறக்குறைய 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும். தட்டையான காலணியோடு ஒற்றைக் காலில் நின்றாலும் 1 வளிமண்டலம்கூடத் தேறாது. உறைநிலைக்குக் கீழேயும் ஐஸின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் இருக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1850-லேயே யூகித்தார். காலணி உரசும்போது எழும் வெப்பமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. குளிர் குறையக் குறைய அந்தப் படலம் தடிக்கும்; அதனால்தான் மைனஸ் 25 டிகிரியைவிட 0-வை ஒட்டிய நாட்கள் மோசமானவை. பகலில் உருகிய நீர் இரவில் மறுபடி உறைந்து, தார்ச்சாலை நிறத்திலேயே ஒளிந்திருக்கும். 'பிளாக் ஐஸ்' என்பது இதைத்தான்.

ஆகவே காலணிக்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று, குளிரிலும் விறைக்காத ரப்பர். மலிவான பி.வி.சி. அடிப்பாகம் அந்தக் குளிரில் பலகையாகிவிடும். இயற்கை ரப்பர் அவ்வளவு சீக்கிரம் விறைப்பதில்லை. இரண்டு, நீர்ப்படலத்தைத் துளைத்து ஐஸைக் கீறும் கூர்மை. இதற்காக ரப்பருக்குள் கடினமான பொடியையோ கண்ணாடி இழையையோ கலக்கிறார்கள். கையால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும்.

டொராண்டோ மறுவாழ்வு ஆய்வு நிலையத்தில் இதைச் சோதிக்க 'விண்டர்லேப்' என்றே ஓர் அறை உண்டு. தரை முழுக்க ஐஸ். விழாமலிருக்க உடலில் பட்டை கட்டிக்கொண்டவர்கள் அதில் மேலும் கீழும் நடப்பார்கள். அறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போவார்கள். 7 டிகிரி சரிவில் வழுக்காமல் நின்றால் ஒரு பனித்துகள் குறி, 11-க்கு இரண்டு, 15-க்கு மூன்று. 2016-ல் வெளியான முதல் முடிவுகளில் 98 வகை பூட்ஸ்களில் தேறியவை வெறும் 9. மற்றவையும் 'குளிர்காலத்துக்கு ஏற்றது' என்று சொல்லி விற்கப்பட்டவைதான்!

பூட்ஸ் வாங்கப் பணமில்லையா? நியூசிலாந்தின் டுனெடின் நகரில், உறைந்த சரிவுப் பாதையில் 30 பேரை இறக்கிச் சோதித்தார்கள். காலணிக்கு மேல் காலுறை மாட்டியவர்கள் வழுக்கல் குறைந்ததாகச் சொன்னார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வுக்கு மறு ஆண்டு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் 'இக் நோபல்' பரிசு கிடைத்தது. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். இடுப்பெலும்பு முறிவதைவிட மேல்.

காலணி மேல் இழுத்து மாட்டும் ரப்பர் வலையில் எஃகு ஆணி பதித்தும் விற்கிறார்கள். வெறும் ஐஸில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அதே ஆணி ரயில் நிலையத்து டைல்ஸ் தரையில் நம்மையே சறுக்கவைத்துவிடும். வாசலிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.