அழுகலில் கத்தி படக்கூடாது

மே மாதம் பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் மாம்பழம் செதுக்காத நாள் இல்லை. செந்தூராவின் ஒரு ஓரம் கறுத்திருந்தால் கறுப்பையே குடைய மாட்டார்கள். ஒரு விரலளவு தள்ளி, நல்ல சதையில் கத்தியை இறக்கி, கறுப்பு உடையாமல் ஒரே துண்டாகப் பெயர்த்துவிடுவார்கள். தவறி அழுகலில் பட்டால் கத்தியைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த கீற்று. மென்திசுப் புற்றுநோயான சார்கோமாவுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையின் பாதி இதுதான்.

தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய் என்று உடம்பை ஒட்டவைத்திருக்கும் சதைகளில் முளைப்பது இது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் அரிது. அந்த ஒன்றுக்குள்ளும் 70-க்கு மேல் வகைகள். தொடையில்தான் அதிகம் வரும். பெரும்பாலும் வலிக்காது, அதுதான் கேடு. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவர், தொடை வீக்கத்தை அசதியின் கணக்கில் எழுதிவிடுவார். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவுவார்கள். “வலிக்கலையே, கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும்” என்பார்கள். பெரும்பாலும் அதுவும் சரிதான், கொழுப்புக் கட்டிகளே மிக அதிகம். ஆனால் கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, ஆழத்தில் இருந்தாலோ, எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தாலோ நீவுவதை நிறுத்திவிட வேண்டும். (மெஷினில் இடித்துக்கொண்டதால் வந்தது என்று பலர் நினைப்பார்கள். அடி கட்டியை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருந்ததைக் கவனிக்க வைக்கிறது, அவ்வளவே.)

கத்தி ஏன் தள்ளி இறங்க வேண்டும் என்பதற்கு இனி கொழுக்கட்டைக்கு வருவோம். பூரணத்தைச் சுற்றியிருக்கும் தோல் பூரணத்தினுடையது அல்ல, சுற்றி அழுந்திய மாவு. சார்கோமாவும் அப்படித்தான் வளர்கிறது. பக்கத்துச் சதையை நெருக்கித் தள்ள, அந்தச் சதையே உறைபோல ஆகிவிடுகிறது. அறுப்பவர் கண்ணுக்குப் பையில் போட்டுக் கட்டியதுபோல அழகாகத் தெரியும், வழித்தால் உருண்டு வரும். ஆனால் வெல்லப்பாகு மாவுக்குள் கசிந்திருப்பதுபோல அந்தப் போலி உறையிலும் அதற்கு அப்பாலும் புற்றணுக்கள் கசிந்திருக்கும். கொழுப்புக் கட்டி என்று நினைத்து அரை மணி நேரத்தில் வழித்தெடுத்த பல கட்டிகள் திரும்பி வருவது இதனால்தான். அப்போது இரண்டாம் முறை இன்னும் அகலமாக அறுக்க வேண்டியிருக்கும். முதல் கத்தி யாருடையது என்பதே இந்த நோயில் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

அதனால் கத்திக்கு முன்னால் எம்.ஆர்.ஐ., அதன்பின் ஊசி பயாப்சி. மண்டியில் மூட்டையைக் குத்தி அரிசி பார்ப்பது போன்ற வேலை. ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பலிக்காது. ஒரே கட்டியில் ஒரு மூலை சாதுவாகவும் இன்னொரு மூலை மூர்க்கமாகவும் இருக்கும் என்பதால் ஒரே துளை வழியாகப் பல துணுக்குகள் எடுப்பார்கள். அந்தத் துளையும் பிறகு வெட்டி நீக்கப்படும் பகுதிக்குள்ளேயே விழ வேண்டும்.

முன்பெல்லாம் காலையே எடுத்துவிடுவது வழக்கம். அமெரிக்காவில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு 1982-இல் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. 43 பேரில் 27 பேருக்குக் கட்டியை மட்டும் அகலமாக நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்தார்கள், 16 பேருக்கு உறுப்பையே நீக்கினார்கள். உயிர்பிழைப்பதில் பெரிய வித்தியாசமில்லை. இன்று பெரும்பாலோருக்குக் கால் மிஞ்சுகிறது.

அறுவைக்கு முன் கதிர்வீச்சு என்றால் வழக்கமாக 25 நாள், வாரத்துக்கு ஐந்து. 1973-இல் தொடங்கிய பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை ஓசூர் சாலையிலேயே இருக்கிறது, ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டிப் போக வேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 300 கிலோமீட்டருக்கு மேல். காப்பீட்டு அட்டை எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லுமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு பஸ் ஏறுவது நல்லது. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் ‘நீட்டிக்கப்பட்ட நோய்ப் பலன்’ பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். தகுதி இருந்தால் புற்றுநோய்க்கு 80 சதவீதச் சம்பளம், இரண்டு ஆண்டுவரை.

மருந்துகளில் முக்கியமானது டாக்சோரூபிசின். செக்கச் சிவந்த திரவம், ஏற்றியபின் சிறுநீரும் சிவக்கும். குழம்பில் போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாதல்லவா? இதன் கணக்கும் அப்படித்தான். இதயத்தைப் பாதிக்கும் என்பதால் ஆயுள் முழுக்க இவ்வளவுதான் என்று அளவு உண்டு. பல வருடம் கழித்தும் பழைய டோஸ் கணக்கில் நிற்கும். எக்கோ அடிக்கடி எடுப்பது இதற்காக.

எல்லாம் முடிந்த பின்னும் நெஞ்சை ஏன் ஸ்கேன் செய்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு, கட்டி தொடையில்தானே? சார்கோமா பெரும்பாலும் ரத்தத்தின் வழியே பரவுகிறது. காலிலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்துக்குப் போய் அங்கிருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. காபி ஃபில்டரில் தூள் தங்குவதுபோல, தப்பி வந்த அணுக்கள் அந்த நுண்குழாய்களில்தான் முதலில் தங்கும். சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் சிலருக்கு அதையும் அறுத்து எடுக்கலாம். ஆகவே முதல் இரண்டு மூன்று வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் ஷிப்ட் மாற்றமும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறார்கள், கல்யாணத்துக்கு லீவு கேட்பதுபோல.